ஜெராக்ஸ் கடையில் கிடைத்த வழி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளம்பெண் அவரைப் பார்த்ததும் சொன்னாள்:

“அக்கா, உங்களாலதான் நான் இன்ஜினியரிங் சேந்திருக்கேன்.”

“நீ யாரும்மா?”

“மூணு வருஷத்துக்கு முன்னால அம்மாவோட உங்க ஜெராக்ஸ் கடைக்கு வந்தேன். பத்தாவதுல மார்க் கம்மி. ஸ்கூல்ல கம்ப்யூட்டர் குரூப் தர மாட்டேன்னுட்டாங்க. அம்மா உங்க கடையிலயே நின்னு அழுதா. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் டிப்ளமா சேரு, முடிச்சா இன்ஜினியரிங்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப சீட் கிடைச்சிட்டுக்கா.”

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். யாரோ ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்த பாரத்துல அப்படிப் போட்டிருந்துச்சு. உங்கம்மா அழுததப் பாத்து சொல்லிட்டேன். ஒரு பிள்ளைக்குத் தப்பா வழி சொல்லிட்டமோன்னு எத்தன நாள் பயந்து கிடந்தேன் தெரியுமா? அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் வாயே திறக்கல.”

“இனிமே சொல்லுங்கக்கா.”

“சொல்லுதேன். உன்னயக் காட்டியே சொல்லுதேன். உன் பேரு என்னட்டி?”