எட்டு மணி நாடகத்து வில்லன்

இரவு ஒன்பது மணி. கரும்புக் காட்டு நடுவே செம்மண் சாலை... ஆள் நடமாட்டம் இல்லை. என்னோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த தோழி ஒடாலிஸின் சித்தப்பா எவெலியோ தனியாக வீட்டுக்கு வருகிறார். கிட்டே வந்து உட்காருங்கள், நான் உரக்கச் சொல்ல மாட்டேன்.

ஹவானா வானொலி எங்களுக்குச் சரியாக எடுக்காது. உள்ளூர் வானொலிதான், எட்டு மணி நாடகம்தான். அதில் எவெலியோவுக்கு வில்லன் வேஷம், தோன் லிசாந்திரோ என்று பெயர். நிஜத்தில் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷன். எங்கள் ஊருக்கு அந்த வித்தியாசம் தெரிந்தால்தானே? ரொட்டிக்காரி அவருக்கு ரொட்டி தர மாட்டாள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "இந்தக் கழுத்தை என்னை நம்பி நீட்டாதீங்க, தோன் லிசாந்திரோ" என்பார். சொந்த மனைவி சொராய்தாவே நாடகம் கேட்ட கோபத்தில், சோறும் கறுப்பு பீன்ஸும் எடுத்து வைக்காமல் படுத்துவிடுவாள். முட்டாள் ஊர். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

அன்றைய நாடகத்தில் லிசாந்திரோ, அல்பா என்ற அநாதைச் சிறுமியை ஆற்றில் தள்ளினான். தகரத் தொட்டித் தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டார்கள்... தொபுக். அவ்வளவுதான். ஊரே அழுதது.

நாடகம் முடிந்து எவெலியோ நடக்க நடக்க, வழியோரச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. டப்... டப்... வணக்கம் சொன்னார். இருட்டுக்குள்ளிருந்து யாரோ காறித் துப்பினார்கள்.

கடைசிச் சன்னலும் போனது. அப்புறம்தான் அந்தச் சத்தம்.

சளக்... சளக்... ஈரக் காலோடு யாரோ பின்னால் நடக்கிறார்கள். மழை பார்த்து மாதக் கணக்காகிறது. அறுவடைக்கு முன் கரும்புச் சோகைக்குத் தீ வைக்கிற காலம்; காற்றில் கருகிய கரும்பு வாசனை இருக்க வேண்டும். அடித்ததோ ஆற்றுச் சேற்று வீச்சம்.

"தோன் லிசாந்திரோ..."

அல்பாவாக நடிக்கிறவள் கூக்கா. ஐம்பது வயது, சுருட்டுப் பிடிப்பாள். இது நிஜக் குழந்தையின் குரல்.

அவர் திரும்பவில்லை. "நான் எவெலியோம்மா. அது வெறும் நடிப்பு. யாரும் யாரையும் தள்ளலை."

"அப்போ நான் ஏன் நனைஞ்சிருக்கேன்?"

ஓட்டமாக ஓடி வந்து கதவைத் தட்டினார். மூச்சிரைக்க இத்தனையையும் வெளியே நின்றே சொன்னார். "சாமி சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை, சொராய்தா. அது கிட்ட வந்துருச்சு. சீக்கிரம் திற."

உள்ளே அவள் எழுந்து வந்தாள். தாழ்ப்பாள் கிறீச்சென்று கொஞ்சம் நகர்ந்தது... நின்றது.

"பின்னாடி சத்தம் நின்னுருச்சு" என்றார் எவெலியோ. "யாரையும் காணோம்." அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

விடிந்தபோது வாசற்படியில் கிடந்தார். சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. வயிறு நிறைய ஆற்றுத் தண்ணீர். ஆறோ பாதிநாள் நடைத் தூரம்.

ஏன் திறக்கவில்லை என்று ஒடாலிஸ் ஒருநாள் கேட்டே விட்டாளாம். சொராய்தா காபி வடிகட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"திறக்கத்தான் போனேன். உள்பக்கம், தாழ்ப்பாள் மேல ஒரு சின்னக் கை இருந்துச்சு. ஜில்லுன்னு, சொட்டச் சொட்ட... நினைச்சிருந்தா விலக்கியிருக்கலாம். ஏற்கெனவே ஒருத்தர் தள்ளிவிட்ட புள்ளை. நானும் தள்ளணுமா?"