பங்குக்கு வராத சூரியன்

கங்கப்பன்: ...மறந்துட்டாங்க டீச்சரம்மா. அவ்வளவுதான். வேணும்னு பண்ணல.

சரசம்மா: கூடப் பொறந்த தம்பியை எப்படிங்க மறப்பாங்க? அதுவும் நெலத்தைப் பங்கு போடற அன்னிக்கு?

பாஷா: நான் சொல்றேன் டீச்சரம்மா. இவன் எந்நேரமும் பஸ்ஸு ஓட்டறேன்னு ரோட்டுலயே கெடக்கறான். தெனமும் கண்ணு முன்னால போயி வர்ற ஆளைத்தான் ஜனங்க மொதல்ல மறக்கும்.

கங்கப்பன்: பாஷா பாய், நீங்க போயி ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டாங்க.

பாஷா: கண்டக்டர் வேலையில தண்ணி தூக்கறதும் சேத்தியா? மேலுமலை ஏத்தத்துல வண்டி கொதிச்சா அதுவா ஆறும். ஜனங்களைப் பாரு, புளியமரத்தடியில மோர் குடிச்சிக்கிட்டு எவ்வளவு சந்தோஷமா உக்காந்திருக்கு.

சரசம்மா: எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுங்க பாய். லீவுக்கு ஊருக்குப் போயிட்டு நேரா அங்கதான் போறேன், நான் போயித்தான் மணி அடிக்கணும்.

பாஷா: இன்னிக்கு ஒரு நாள் பிள்ளைங்க ஏரியில குதிக்கட்டும். திங்கக்கெழமைன்னா அதுங்களுக்கும் கஷ்டமாத்தானே இருக்கும்?

சரசம்மா: சரி... அன்னிக்கு என்னதான் ஆச்சு? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. முழுசாச் சொல்லுங்க.

கங்கப்பன்: நாள் நல்லாருக்குன்னு ஊர்க்கவுண்டர் வந்துட்டாரு. பெரியண்ணன் முனிவேலு, சின்னண்ணன் சின்னராஜு, ரெண்டு பேரும் நின்னாங்க. நஞ்சையில கயிறு புடிச்சு ரெண்டாக்கினாங்க. கேவுரு வெதைக்கற கொல்லையை ரெண்டாக்கினாங்க. புளியந்தோப்பு ரெண்டு. எல்லாத்துக்கும் கல்லு நட்டாச்சு.

சரசம்மா: நீங்க?

கங்கப்பன்: நான் அப்ப ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஆரன் அடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்.

சரசம்மா: ஒருத்தருக்குக்கூட உறைக்கலையா?

கங்கப்பன்: சாப்பாட்டுலதான் உறைச்சுது. எங்கண்ணி நாராயணம்மா வரிசையா எலை போட்டாங்களாம். எல்லாரும் உக்காந்த பின்னாடி ஒரு எலை மிச்சம். "இது யாருக்கு?"ன்னு கேட்டாரு பெரியண்ணன். "கங்கப்பனுக்கு"ன்னாங்க அண்ணி.

பாஷா: அதோட சரி. கறிச்சோறு அப்படியே நின்னுடுச்சு. ஊர்க்கவுண்டர் எடுத்த உருண்டையை எலையிலயே வெச்சுட்டாராம்.

கங்கப்பன்: அண்ணன் தலையில தலையில அடிச்சிக்கிட்டாராம். பாவம், எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரசம்மா: உங்களுக்குக் கோவம் வரல?

கங்கப்பன்: மொதல்ல வந்துச்சு. மேலுமலை எறங்கறதுக்குள்ள போயிடுச்சு.

சரசம்மா: இப்ப என்ன சொல்றாங்க?

கங்கப்பன்: நட்ட கல்லைப் புடுங்கிட்டு மூணா நட்டுடலாம்ங்கறாரு ஊர்க்கவுண்டர். அண்ணனும் சரின்னுட்டாரு. ஆனா ஒண்ணு... வண்டியை விட்டுட்டு வந்து ஏரு புடிக்கணுமாம். ரோட்டுல கெடக்கறவனுக்கு நஞ்சை எதுக்குங்கறாரு.

சரசம்மா: ஏரு புடிக்கப் போனா... உள்ளூருக்குப் போயிடுவீங்க. ரோட்டுப் பக்கமே வர மாட்டீங்க.

பாஷா: வருவான், வருவான். சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டு வருவான். ஆரனுக்குப் பதிலா மணி ஆட்டுவான்.

சரசம்மா: பாய், கொஞ்சம் சும்மா இருங்க. வண்டியை விட மாட்டேன்னா?

கங்கப்பன்: பங்குல சேராம கெடக்கறது ஒண்ணே ஒண்ணு. அதை எடுத்துக்கலாம். ஏரிமேடு.

சரசம்மா: எங்க பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்ல, ரோட்டோரமா... அந்த மேடா?

பாஷா: அதேதான். பாறை, கள்ளி, ஓணான். மழை பேஞ்சா மூணு பக்கம் தண்ணி. ஆடு ஏறினா அழுதுகிட்டே எறங்கி வரும்.

கங்கப்பன்: இன்னிக்குச் சாயங்காலம் சொல்லியாகணும் டீச்சரம்மா. ஸ்டியரிங்கா ஏரான்னு. நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க.

சரசம்மா: உங்க சொத்துக்கு நான் எப்படிங்க வழி சொல்றது? உங்களுக்கு எதுல மனசு?

கங்கப்பன்: மனசு வண்டியிலதான். இருட்டோட கிருஷ்ணகிரியில கெளப்பறேன். ஒவ்வொரு ஊரா எழுப்பிக்கிட்டே மேக்க போறேன். சூளகிரியில ஒருத்தி பூக்கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவா. எங்க நிறுத்தினாலும் யாராச்சும் ஒருத்தர் எனக்காக நின்னுகிட்டு இருப்பாங்க. அந்தச் சந்தோஷம் நஞ்சையில வெளையாதுங்க.

பாஷா: கேட்டீங்களா? ஆளு உம்முன்னு இருக்கானே ஒழிய, பேச ஆரம்பிச்சா விட மாட்டான்.

சரசம்மா: ...இவரு சொல்றதைக் கேட்டா எனக்கு ஒரு கதை ஞாபகம் வருது. வேணாம், விடுங்க.

பாஷா: கதையா? எந்தக் கதை டீச்சரம்மா? நான் கேட்டதே இல்லையே.

சரசம்மா: இன்னும் சொல்லவே இல்லையே பாய். கேட்டதில்லைன்னு எப்படித் தெரியும்?

பாஷா: அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

கங்கப்பன்: சொல்லுங்க டீச்சரம்மா. வண்டி ஆற வேண்டாமா?

சரசம்மா: கிரேக்க தேசத்துக் கதை. ரொம்ப ரொம்பப் பழசு. ஹீலியோஸ்னு ஒரு சாமி. அவங்களுக்கு அவருதான் சூரியன்.

பாஷா: நம்மூரு சூரியனுக்கு ஏழு குதிரைம்பாங்க. அவருக்கு எத்தனை?

சரசம்மா: நாலு. மூக்குல நெருப்பு விடற குதிரைங்க.

பாஷா: நாலுதானா? நம்ம வண்டிக்கே ஆறு சிலிண்டரு.

கங்கப்பன்: பாய்...

பாஷா: சரி சரி. நீங்க சொல்லுங்க.

சரசம்மா: காலையில கெழக்குல தேரைக் கெளப்பினா சாயங்காலம் மேக்கால கடலுக்குப் போயிச் சேருவாரு. ஒரு நாள் லீவு கெடையாது. வேற யாருக்கும் அந்தக் குதிரைங்க அடங்காது. ஒரு தடவை மகன் கேட்டான்னு லகானைக் குடுத்துட்டு, உலகமே பத்திக்கப் பாத்துச்சு.

கங்கப்பன்: நானும் பாய்கிட்ட ஸ்டியரிங்கைக் குடுக்கறதில்ல.

பாஷா: ஒரே ஒரு தடவை கேட்டேன். அதை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கான். அது போகட்டும் டீச்சரம்மா, சாயங்காலம் மேக்க போயிட்டா மறுநாள் கெழக்குல எப்படி இருப்பாரு?

சரசம்மா: அங்கதான் அழகு. கடலோரத்துல அவருக்கு ஒரு பெரிய தங்கக் கிண்ணம் நிக்கும். குதிரைங்களோட அதுல ஏறிப் படுத்துக்குவாரு. அவரு தூங்கத் தூங்க அது கடல்மேலயே மெதந்து கெழக்க கொண்டாந்து விட்டுடும்.

கங்கப்பன்: குடுத்து வெச்சவரு. நான் பின் சீட்டுல காலை மடக்கிக்கிட்டுப் படுக்கறேன்.

பாஷா: அந்தக் கிண்ணத்துக்குக் கண்டக்டரு யாருன்னு கேட்டுச் சொல்லுங்க. அந்த வேலைக்கு நான் போறேன்.

சரசம்மா: கேளுங்க... ஒரு நாள் சாமிங்க எல்லாரும் சேந்து பூமியைப் பங்கு போட்டாங்க. அவங்களுக்கு ராஜா ஜீயுஸ்னு ஒருத்தரு.

பாஷா: ஊர்க்கவுண்டரு.

சரசம்மா: வெச்சிக்குங்களேன். சீட்டு எடுத்து, இந்த நாடு உனக்கு, அந்த மலை உனக்குன்னு எல்லாத்தையும் பிரிச்சு முடிச்சாச்சு. அப்பறம் பாத்தா ஹீலியோஸுக்கு ஒண்ணுமே இல்ல.

கங்கப்பன்: அவரு எங்க போனாரு?

சரசம்மா: எங்க போவாரு? தேர்லதான் இருந்தாரு. அவரு வெளிச்சத்துலதான் மத்தவங்க உக்காந்து பங்கே போட்டாங்க. ஆனா பக்கத்துல இல்லாததுனால ஒருத்தரும் அவரை நெனைக்கல.

கங்கப்பன்: ...அப்பறம்?

சரசம்மா: ஜீயுஸுக்கு ரொம்ப வருத்தமாயிடுச்சு. மறுபடியும் சீட்டுப் போட்டுடலாம்னாரு. ஹீலியோஸ் வேணாம்னுட்டாரு. "தேர்ல போகையில பாத்துகிட்டேதான் இருக்கேன். கடலுக்கு அடியிலேர்ந்து ஒரு தீவு எழும்பி வருது. இன்னும் யாரு கண்ணுலயும் படல. அது எனக்குப் போதும்"னாரு.

பாஷா: யாருக்கும் வேணாத எடம்.

சரசம்மா: யாரும் பாக்காத எடம் பாய். ரெண்டும் ஒண்ணில்ல.

கங்கப்பன்: குடுத்தாங்களா?

சரசம்மா: சாமிங்களே கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க. தீவும் மேல வந்துச்சு. பச்சைப் பசேல்னு... அவ்வளவுதான் கதை.

பாஷா: அவ்வளவுதானா?

சரசம்மா: அவ்வளவுதான்.

பாஷா: நல்லா யோசிச்சுப் பாருங்க டீச்சரம்மா. ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கும்.

சரசம்மா: எதுவும் விட்டுப் போகல. வண்டியை எடுக்கலாமா? கொதிப்பு அடங்கியிருக்கும்... அட, என்ன இது? கொதிச்ச பானெட்டுல கை வெக்க முடியுது?

கங்கப்பன்: மலைக்காத்துங்க.

சரசம்மா: வெயில் இந்தப் போடு போடுது, எந்த மலைக்காத்து?

பாஷா: சில வண்டி அப்படித்தான். உள்ளார கொதிக்கும், வெளிய காட்டிக்காது. இவனைப் போல.

கங்கப்பன்: ஒரு சந்தேகம் டீச்சரம்மா. வெறும் தீவை வெச்சிக்கிட்டு அந்தச் சாமி என்ன பண்ணுவாரு? நாளெல்லாம் தேர்ல அலையறவருக்குச் சாயங்காலமாச்சும் பேச ஒரு தொணை வேணாமா?

சரசம்மா: ...தீவுதான் தொணை.

பாஷா: அட, அந்தச் சாமி கட்டிக்கிட்ட பொண்ணை ஏன் டீச்சரம்மா மறைக்கறீங்க? பேரு என் வாயில நுழையல, ஆனா தீவுக்கே அந்தப் பொண்ணு பேரைத்தானே வெச்சாங்க?

சரசம்மா: எந்தப் பொண்ணு? நான் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே.

பாஷா: ஐயோ, வாய் தவறிடுச்சு.

கங்கப்பன்: பாய், உங்க வாயில ஒரு பிரேக்கு வெக்கணும்.

சரசம்மா: பாய். இந்தக் கதையை உங்களுக்கு யாரு சொன்னது?

பாஷா: வேற யாரு, என் வீட்டுக்காரி காத்தூன்தான். போன வாரம் நீங்க உங்க பெரியம்மா வீட்டுக்கு வந்தப்ப பக்கத்து வீடான எங்க வீட்டுல அவகிட்டச் சொன்னீங்களாமே. அன்னிக்கு ராத்திரி அவ எனக்குச் சோறு போடலை, கதைதான் போட்டா.

சரசம்மா: நீங்க அதை இவர்கிட்டச் சொன்னீங்க.

பாஷா: விடியற வரைக்கும் பொறுத்துகிட்டேன் டீச்சரம்மா. அதுவே எனக்குப் பெரிசு.

சரசம்மா: அப்படின்னா உங்களுக்கும் முன்னாடியே தெரியும். ஒண்ணுமே தெரியாத மாதிரி "அவரு எங்க போனாரு"ன்னு கேக்கறீங்க.

கங்கப்பன்: தப்புத்தாங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். வண்டி கொதிக்கல. நானாத்தான் நிறுத்தினேன்.

சரசம்மா: அதைப் பானெட்டே சொல்லிடுச்சு.

கங்கப்பன்: சாயங்காலம் ஊர்க்கவுண்டருக்குப் பதில் சொல்லணும்னேனே, அதுவும் பொய்யி. வியாழக்கெழமையே போயிச் சொல்லிட்டேன். நஞ்சை வேணாம், தோப்பு வேணாம், ஏரிமேடு போதும்னு.

சரசம்மா: வியாழக்கெழமையேவா?

பாஷா: அவங்கண்ணன் இவன் நெத்தியில கையை வெச்சுப் பாத்தாராம், காய்ச்சல் அடிக்குதான்னு.

கங்கப்பன்: எனக்கு அந்த மேட்டை முன்னாடியே புடிக்கும் டீச்சரம்மா. தெனமும் காலையில வளைவு திரும்பினதும் மொதல்ல அதுதான் கண்ணுல படும். அப்பறம் பள்ளிக்கூடத்து வாசல். அப்பறம் வாசல்ல... சாக்பீஸ் கையோட நீங்க நிப்பீங்க. அங்க ஒரு வீடு கட்டினா எப்படியிருக்கும்னு நெனைப்பேன். உடனே பயமாயிடும். கியரை மாத்திட்டுப் போயிடுவேன்.

பாஷா: மேலுமலையில பிரேக்குப் புடிக்காதப்பக்கூட இவன் பயப்படல டீச்சரம்மா. இன்னிக்குக் காலையில ரெண்டு ஸ்டாப்புல நிறுத்தவே மறந்துட்டான்.

சரசம்மா: வீடு கட்டறதுக்குப் பாறையை ஒடைக்கணுமே.

கங்கப்பன்: ஒடைச்சிடலாம். அண்ணனுங்க ரெண்டு பேரும் வர்றேன்னுட்டாங்க. மறந்ததுக்கு அபராதமாம்.

சரசம்மா: மழைக்காலத்துல சுத்தித் தண்ணி நிக்குமே.

கங்கப்பன்: ரோட்டுப் பக்கம் நிக்காதுங்க. நாலு கல்லு போட்டா பள்ளிக்கூடத்துக்கு நனையாம நடந்து போயிடலாம்... யாராச்சும் போகணும்னா.

சரசம்மா: அப்பறம் என்ன? மேடு கெடைச்சுடுச்சு, வேலை தங்கிடுச்சு. என்னை எதுக்கு இங்க நிறுத்திவெச்சுக் கதை கேக்கறீங்க?

கங்கப்பன்: மேட்டுக்கு இன்னும் பேரு வெக்கலைங்க. ஏரிமேடுன்னு சொல்ல மனசு வரல. அந்தச் சாமி தீவுக்கு அந்தப் பொண்ணு பேரு வந்த மாதிரி... சரசம்மா மேடுன்னு கூப்புடலாமான்னு உங்களையே கேக்கணும். அதுக்கு மொதல்ல அந்தப் பொண்ணைப் பத்தி உங்க வாயால வரட்டும்னு பாத்தேன். நீங்க அவளை விட்டுட்டே கதையை முடிச்சிட்டீங்க. உங்களுக்குப் புடிக்கலையோன்னு நெனைச்சிட்டேன்.

பாஷா: நானும்தான். டீச்சரம்மா, கோவமா? காத்தூன் மேல கோவப்படாதீங்க. அவளுக்கு ஒண்ணைக் கேட்டா உள்ள வெச்சிக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜனங்க மோரைக் குடிச்சுட்டு எழுந்திரிக்குது.

சரசம்மா: காத்தூன் அக்காவுக்கு உள்ள வெச்சிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே பாய், இத்தனை பேர் இருக்க அவங்ககிட்டப் போயி அந்தக் கதையைச் சொன்னேன்... வண்டியை எடுங்க, பங்கு சேதி கேட்டு இவரு மேட்டைத்தான் கேப்பாருன்னு நான் சொன்ன நாள்லேர்ந்து எங்கம்மா மாப்பிள்ளையைப் பாக்கணும்னு தெனமும் வாசல்லயே நிக்கறாங்க.