சந்தியிலே முகம் திருப்பும் மாமனார்

அன்போடு அவைக்குத் தலைமை தாங்கும் ஷரிபுதீன் ஆசிரியர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! திரைக்கு அப்பால் இருந்தாலும் செவிகளை இங்கே அனுப்பியிருக்கும் தாய்மார்களே! பாண்டிருப்பிலிருந்து வந்திருக்கும் பாசமிகு உடன்பிறப்புகளே! சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஒரு கண்ணை அதன்மேலேயே வைத்திருக்கும் வாலிபர்களே! உங்கள் அனைவர்க்கும் என் சலாமும் வணக்கமும்.

ஊரிலே ஒரு கதை உலவுகிறது. மருதமுனை அச்சிமுகம்மது காக்கா, கல்முனைச் சந்தியிலே தம் மருமகன் மர்சூக் சைக்கிளில் வரக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். கலியாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் மாமனுக்கும் மருமகனுக்கும் மனத்தாங்கலாம்!

யாரது, "ஓம், நானும் கண்டன்" என்பது? கண்டீர் ஐயா, காரணத்தைக் கண்டீரா? இருவருடைய சம்மதத்தோடும் சொல்கிறேன், கேளுங்கள்.

பெருநாள் கழிந்த ஒரு காலை. மர்சூக் சந்தியைக் கடக்கிறார். இடுப்பிலே மனைவி சுல்பிகா நெய்து கொடுத்த புதுச்சாரம். சங்கிலியில் படாமல் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருக்கிறார். தேநீர்க்கடை வாசலிலே மாமனார்! மடித்த சாரத்தோடு மாமனார் முன்னே போகலாமா? மரியாதை தெரிந்த மருமகன் போவாரா? நடுச்சந்தி என்பதை மறந்தார். ஒரு கையை எடுத்து மடிப்பை அவிழ்த்தார். சாரம் சங்கிலியில் சிக்கியது, சைக்கிள் சாய்ந்தது, எதிரே அக்கரைப்பற்று பஸ்! றைவர் அழகரெத்தினம் எழுந்து நின்று பிறேக்கை மிதித்தார். பஸ் நின்றபோது, அதன் முன்சில்லு அந்தச் சாரத்தின் ஓரத்தின்மேல் ஏறியிருந்தது. வீட்டிலே சுல்பிகா தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள்.

"தம்பி, உசிரோட இரிக்கியா?" என்று அழுதபடி ஓடிவந்தார் அழகரெத்தினம். மர்சூக் மாமனாரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"மாமா, குறை நினைக்காதீங்க. சாரம் உயரத்தான் இருந்திச்சி."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

காக்காவிடமே கேட்டேன். சொன்னார்: "நான் பாத்தா அவர் சாரத்த இறக்குவார். சொன்னாலும் கேக்கமாட்டார், அப்பிடி வளந்த புள்ள. அதான் காணாத மாதிரி நிக்கன். சந்தியத் தாண்டினாப் பொறகுதான் மறுகா திரும்பிப் பாப்பன்."

இதுவா பகை? இதுவா மனத்தாங்கல்?

மர்சூக் இறங்கி நடந்தும் பார்த்தார். பின்னால் வருகிறவர்கள் விடுகிறார்களா? மணியடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், விரட்டுகிறார்கள்! வாலிபர்களே, உங்களைத்தான் கெஞ்சுகிறேன். சந்திக்கு முன்னே எல்லோரும் இறங்குங்கள். சாரத்தை இறக்குங்கள், சலாம் சொல்லுங்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு கடவுங்கள். நீங்கள் இறங்கினால் மர்சூக்கும் இறங்குவார். அந்த மனிதர் இத்தனை நாளும் தம் மருமகனின் முதுகைத்தானே பார்க்கிறார்? இனியாவது முகத்தைப் பார்க்கட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வீடு போகும் வழியில் சந்தி வரும். இறங்கி நடந்து போங்கள். உங்கள்மீதும், வாசலில் உங்கள் வழி பார்த்திருப்போர்மீதும் சாந்தி உண்டாவதாக.