மறுத்தவருக்கு ஒரு தோணி

ஒரு கூட்டம் இழுத்துக்கொண்டே போனால், ஐயா, தப்பு பேசுகிறவர்கள் மேல் இல்லை; கூட்டுகிறவன் மேல்தான். நாசரேத்தில் படித்துவிட்டு இந்தத் தோணிக் கம்பெனிக்கு சூப்பிரண்டாக வந்த புதிதிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது. தாங்கள் மதுரைப் பக்கம் என்பதால் சொல்கிறேன். தூத்துக்குடிக் கரையில் ஆழம் போதாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். சரக்கைத் தோணிகள்தான் ஏற்றி வரவேண்டும். எந்தத் தோணி எந்தக் கப்பலுக்கு என்று முடிவு செய்ய, தோணிகளை நடத்தும் தண்டல்களைத் தினமும் காலையில் கூட்டுவோம். அவர்கள் வெற்றிலை போட்டு, முந்தின நாள் சண்டையைப் பேசி முடிப்பதற்குள் காற்று மாறிவிடும்.

நான் முதலில் பெஞ்சுகளை எடுத்துவிட்டேன். நின்றுகொண்டிருந்தால் பேச்சு குறையும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது என்றேன். பிறகு ஒரு விதி போட்டேன்: ஒரு வேலையில் யார் குறை சொல்கிறாரோ, அவரே அதை எடுத்துச் செய்யவேண்டும். தண்டல்களில் மூத்தவரான சந்தியாகுவே அதைக் கேட்டுச் சிரித்தார். "நல்ல சட்டம் சார்வாள். இனி இந்தப் பயலுவ சும்மா வாயத் தொறக்க மாட்டானுவ" என்றார்.

அவர் மட்டும் வாயை மூடவில்லை. மூட்டை அதிகம் என்பார், காற்று சரியில்லை என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் தொண்டையைச் செருமினால் போதும், எல்லோரும் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசியில், ஒரு அரிசிக் கப்பல் வந்து நின்றது. முதலாளி அவசரப்படுத்தினார். கரையில் பழைய தோணி ஒன்று கிடந்தது. அதன் அடிப்பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து வேலை முடியவில்லை, தண்ணீரில் இறக்கக்கூடாது என்று ஆசாரி என்னிடம் சொல்லியிருந்தார். விசாரணையில் அவர் தங்களிடம் சொன்னது உண்மைதான். நான் இறக்கச் சொன்னேன். அன்று புயல் கூண்டு ஏற்றப்போகிறார்கள் என்ற செய்தியும் காலையிலேயே என் காதுக்கு வந்தது. தண்டல்களிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் நீண்டுவிடும்.

"அந்தத் தோணியும் போகட்டும். யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டேன். சந்தியாகு மறுப்பார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"அதுல மூட்டைய ஏத்தினா ஆளுவ திரும்ப மாட்டானுவ, சார்வாள்."

"அப்படியானால் நீரே போகவேண்டும். விதி தெரியுமல்லவா? உமக்குப் பயமாக இருந்தால் இஞ்ஞாசி போகட்டும்."

இஞ்ஞாசி அவருடைய தம்பி. புதிதாகத் தண்டல் ஆனவன். தான் ஏற மறுத்த தோணியில் இன்னொருவனை ஏறவிடுவது இந்தக் கரையில் பெரிய அவமானம். கடல் தெரியாத பனங்காட்டிலிருந்து வந்த எனக்கே அதற்குள் அது தெரிந்திருந்தது. சந்தியாகு தம்பியிடம், "நீ இங்கன நில்லுலே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஆட்களும் பின்னால் போனார்கள்.

மத்தியானம் புயல் அடித்தது. தோணியும் வரவில்லை, போனவர்களும் வரவில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு சந்தியாகுவின் மனைவி அந்தோணியம்மாள் வந்தாள். "அவிய வேண்டாம்னு சொன்னாவள்லா? உங்கள்ல ஒருத்தருக்கும் காது கேக்கலியா?" என்று கேட்டாள். அவளைப் பார்க்க எனக்கு மனசு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் அரிசி பாதிக்குமேல் கப்பலிலேயே கிடந்தது. அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

ஆமாம், அவர் திரும்பக்கூடாது என்றுதான் அனுப்பினேன். கூடப் போனவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சேர்த்து எழுதவேண்டும். அவள் போன பிறகு, இந்த விதி இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று தண்டல்களிடமே கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது, ஐயா.