எல்லை தாண்டிய பெறுமானம்

வெள்ளிக்கிழமை வேலையை ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நீங்கள் விசாரிக்கும் விஷயமும் அதில்தான் தொடங்கியது.

முந்தல் ஊரில் எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினி என் பொறுப்பு. சிறுநீரக நோயாளிகள் எலுவன்குளத்திலிருந்தும் வருவார்கள். இரத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்; முடிவு தொலைபேசிக்குப் போகும். நோர்மல் என்றால் வீட்டிலிருக்கலாம். பொட்டாசியம் கூடியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், இல்லாவிட்டால் இருதயம் நின்றுவிடும்.

இயந்திரம் தரும் அளவுகள் தரவுத்தளத்தில் சேரும். அதில் பொட்டாசியத்துக்கான கட்டம் எண்களை மட்டுமே ஏற்கும். அளவிட முடியாத உயரத்துக்குப் போனால் இயந்திரம் எண் தராது, 'எல்லை தாண்டியது' என்று எழுத்தில் தரும். எழுத்தைக் கண்டதும் தரவுத்தளம் 'செல்லாத பெறுமானம்' என்று சிவப்பில் முறைக்கும். அதோடு அன்றைய எல்லோருடைய முடிவும் நின்றுவிடும். ஒருவருக்காக அத்தனை பேரைக் காக்க வைப்பது நியாயமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படி நின்றபோது தொழுகைக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டம் எழுத்தையும் ஏற்கும்படி மாற்ற, நிலையத்துக்குப் பொறுப்பான ஆதிலா டொக்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் கிளறுவார். ஆகவே ஒரு வரி எழுதினேன்: எண் அல்லாத எது வந்தாலும் 4.5 என்று போடு. அது நல்ல அளவு. எல்லோருக்கும் முடிவு போனது, எனக்கும் தொழுகை தவறவில்லை.

சில வாரங்களில் எலுவன்குளத்து ஸக்கியா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய வாப்பா நூஹு, வயல்காரர், எங்களிடம் வழக்கமாக வருபவர்.

"ஹுனைஸ் நானா, வாப்பாக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுதாம். ரிப்போர்ட் நோர்மலெண்டு வந்திச்சி. சரிதானா?"

இயந்திரத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். எல்லை தாண்டியது என்றிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குச் சொன்னால் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டிவரும்.

"ஓம், சரிதான்," என்றேன். "பயப்படாதீங்க."

மறுநாள் நூஹுவின் ஜனாஸாவுக்குப் போனேன். குழியில் மண்ணும் போட்டேன். ரிப்போர்ட் நன்றாகத்தான் இருந்தது, அல்லாஹ் எழுதியது இவ்வளவுதான் என்று ஸக்கியா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படி ஆறுதலடைய நானும் ஒரு காரணம் என்று நினைத்தேன்.

வரியை எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். அதன் பிறகு குறிஞ்சிப்பிட்டியில் இருவர், முந்தலிலேயே ஒரு தாய். அந்த வரி சுகமாக இருந்த யாரையும் தொட்டதில்லை. மிக மோசமாக இருந்தவர்களை மட்டும்தான் தொட்டது. ஒவ்வொரு முறையும் பதிவைப் பார்த்தேன், தெரிந்துகொண்டேன், அனுப்பினேன்.

இப்போது நீங்கள் அந்த வரியை நீக்கப் போகிறீர்கள். பொறுமையாகச் செய்யுங்கள். நான் இருந்தவரை அந்தத் திரையில் ஒரு பிழையும் வந்ததில்லை.