கரை உடையும் என்று எழுதியவள்

புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் ஆக்குவதில்லை. குளுவாங்கில் பாதித் தமிழர் வீடுகளில் இதே கதைதான். மாதம் முழுக்கச் சைவம், மாதம் முடிந்த மறுநாள் பசாரில் மீன் கடை முன்னால் அடிதடி. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும், இன்ஸ்பெக்டர். விரதம் இல்லாத வீடாக இருந்திருந்தால் அந்த மீன்களை அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்றிருப்போம். நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்று என் தங்கை சொன்னாள். எனக்கு அதில் சம்மதமில்லை. வாயை மூடிக்கொள்வது தப்பு செய்தவர்களின் வேலை. நான் விளக்கம் சொல்ல வந்திருக்கிறேன். நீங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருங்கள், புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

என் பெயர் டாக்டர் ரூபினி. டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மீன் படித்த டாக்டர். வெளிநாட்டு மீனோ நத்தையோ செடியோ நம் ஊர்ச் சதுப்புகளில் இறங்கினால் என்ன கேடு விளையும் என்று மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். அதற்கென்று கேள்விகள் இருக்கின்றன. எத்தனை சீக்கிரம் குஞ்சு பொரிக்கும், எதைத் தின்னும், வேறு நாடுகளில் போய் என்ன அட்டூழியம் செய்தது, வளர்க்கும் இடத்திலிருந்து தப்பிக்க வழி உண்டா. ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண். கூட்டினால் ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஒரு முடிவு வரும். மீன்வள இலாகா அதைப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கும், மறுக்கும். இருபது வருடமாக ஜொகூர் மாநிலத்தில் இந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என் கணிப்பு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

காஹாங்கைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் பாயா லிந்தாங் என்றொரு சதுப்பு இருக்கிறது. தண்ணீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் கிடக்கும், கையில் அள்ளினால் தெளிவாக இருக்கும். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சண்டைமீன் அங்கே இருந்தது. வேறு எந்தத் தண்ணீரிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அந்தச் சதுப்பை ஒட்டிக் காளியப்பன் என்பவர் குளம் வெட்டிப் பீக்காக் பாஸ் வளர்த்தார். அது அமேசான் பக்கத்து மீன். தூண்டிலில் மாட்டினால் மல்லுக்கட்டும் என்பதற்காகவே சனி ஞாயிறுகளில் சிங்கப்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வாய்க்குள் நுழைகிற எதையும் அது விழுங்கிவிடும். பாயாவில் இறங்கினால் சண்டைமீன் கதை முடிந்தது.

காளியப்பன் சாஆ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டம் கைமாறியபோது வெளியே வந்து, மனைவி கஸ்தூரியோடு இந்தக் குளங்களைக் கட்டியிருந்தார். அனுமதியைப் புதுப்பிக்க என் மதிப்பீடு தேவைப்பட்டது. முதல்நாள் நான் காரை விட்டு இறங்கியதும், "வாங்க டாக்டர், வெயில்ல நிக்காதீங்க. கஸ்தூரி, குடிக்கத் தண்ணி கலக்கு" என்றார். அவரைப் பிடிக்காமல் போக யாராலும் முடியாது. எனக்கும் பிடித்திருந்தது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிடித்தவர் என்பதற்காகத் தண்ணீர் ஏறாமல் இருக்குமா? கரை தாழ்வு, மண் இளக்கம், மழைக்காலத்தில் பாயா பெருகும். ஆபத்து அதிகம் என்று எழுதினேன். மற்றவர்கள் இந்த இடத்தில் மென்று முழுங்குவார்கள். நான் அடுத்த மழையிலேயே கரை உடையும், மீன் தப்பிக்கும் என்று ஒரே அடியாக எழுதினேன். அப்படி எழுதினால்தான் இலாகாவில் காதில் விழும்.

இந்தமுறை விழவில்லை. இலாகாவில் யுகேந்திரன் என்று ஓர் அதிகாரி, நல்ல பையன்தான், காளியப்பனுக்கு ஒரு மழைக்காலம் அவகாசம் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னார். கரையை உயர்த்தட்டும், வடிகுழாய்க்கு வலை அடிக்கட்டும், தாங்கினால் அனுமதி. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து என்னோடு நடந்து வந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கரை நின்னுருச்சின்னா உங்க பழைய ரிப்போட்ட எல்லாம் திருப்பிப் பாக்கணும்னு மேல பேசிக்கிறாங்க. ரொம்ப கடுமையா போடுறீங்கன்னு ஒரு பேச்சு இருக்கு லா."

அவர் சொன்னதன் பொருள் உங்களுக்குப் பிடிபடுகிறதா? நான் மறுத்த பண்ணைகள் எல்லாம் திரும்பி வரும். செடெனாக்கில், சாஆவில், என் ஒரு சொல்லால் தப்பிப் பிழைத்த சதுப்புகள் எல்லாம் வரிசையாகப் போகும். என் பேரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நாளைக்குப் பேப்பரில் போடுவார்கள். போடட்டும். என் பேரும் அந்தச் சதுப்புகளும் வேறு வேறு இல்லை.

புரட்டாசியில் கரை வேலையைப் பார்க்கப் போனேன். நான் சொன்னதற்கு மேலேயே செய்திருந்தார் மனிதர். களிமண் கொட்டி இறுக்கி, மேலே புல் பதித்து, குழாய் வாயில் இரட்டை வலை அடித்திருந்தார். குறை சொல்ல ஓர் இடம் தேடினேன், கிடைக்கவில்லை. கிளம்பும்போது, காற்று அடைத்த பெரிய பிளாஸ்டிக் பையில் சில மீன்களை உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார் கஸ்தூரி.

"புரட்டாசிங்க" என்றேன்.

"அலமாக், மறந்துட்டேன்" என்று காளியப்பன் தலையைச் சொறிந்தார். "பரவால்ல டாக்டர், உயிரோடத்தான இருக்கு. தொட்டியில விட்டு வைங்க. மாசம் முடிஞ்சதும் ஆக்கிச் சாப்டுங்க. வீட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? செத்த மீனக் குடுத்தும் எங்களுக்குப் பழக்கமில்ல."

உயிருள்ள மீன் பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. அதை எழுதியதே நான்தான். சிங்கப்பூர்க்காரர்கள் ஆயிரம் கெஞ்சினாலும் அவர் ஒரு குஞ்சைக்கூடக் கொடுத்ததில்லை. என்னிடம் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது என்று நினைத்துவிட்டார். நான் அவருக்கு வீட்டு ஆள் ஆகியிருந்தேன். நானும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிப்போயிருக்கும்.

புரட்டாசி முடிந்தது. நான் ஆக்கவில்லை. அப்போது மனதில் ஒரு திட்டமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். தொட்டி முன்வாசலில் இருந்தது. காலையில் காப்பி குடித்துக்கொண்டே அவற்றைப் பார்ப்பது பழகிவிட்டது. இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்து, அடியில் கல்லைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தன. முட்டை போடப்போகும் மீன் அப்படித்தான் செய்யும். என் தங்கைதான், "அக்கா, எப்பதான் ஆக்கப்போற?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

மழை வந்தது. குளுவாங் சாலை மூழ்கியது, கம்பத்து வீடுகளை விட்டு ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். காளியப்பன் கரை நின்றது. தண்ணீர் வடிந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"டாக்டர், ஒரு சொட்டு வெளிய போகல. கரைக்கு ஒரு முழம் கீழயே நின்னுருச்சி. நீங்க கண்டிப்பா சொன்னதாலதான் இப்படிக் கட்டினேன். இந்தக் குளம் இருக்கிற வரைக்கும் உங்களுக்குப் புண்ணியம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மறைப்பானேன். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த மனிதர் நன்றி சொன்னார். நான் பொய்யாகிப் போனதற்கு நன்றி. மகிழ்ச்சி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடித்து, மீன்களைப் பையில் பிடித்து, காரில் வைத்துப் பாயாவுக்குப் போனேன். ஒளித்து எதுவும் செய்யவில்லை. முழங்கால் பூட்சும் ஆய்வுச் சட்டையும் போட்டிருந்தேன். வலை போட்டுக்கொண்டிருந்த கம்பத்துக்காரர் ஒருவர், "மீன் எண்ண வந்தீங்களா, டாக்டர்?" என்று மலாயில் கேட்டுக் கையசைத்தார். ஆமாம் என்று நானும் கையசைத்தேன். பையைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டேன். சூடு சமமாகாமல் விட்டால் மீன் தாங்காது. பிறகு வாயை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாக அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் போயின.

அழிப்பதற்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். அந்தக் கரை என்றைக்காவது உடையத்தான் போகிறது. உடைகிற அன்று யாரும் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அதற்குள் என் பேச்சுக்கு மதிப்பே இருக்காது. வெள்ளம் தாமதித்தது. நான் தாமதிக்கவில்லை. ஒரு சதுப்பைக் கொடுத்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றினேன். பாயா லிந்தாங்கை என்னைவிட அதிகமாக நேசித்தவர் ஒருவரைக் காட்டுங்கள், நான் தலைகுனிகிறேன்.

மறு வருட ஆய்வில் என் வலையிலேயே பீக்காக் பாஸ் குஞ்சுகள் வந்தன. சண்டைமீன் ஒன்றுகூட வரவில்லை. கம்பத்துக்காரர்களின் வலையில் சின்ன மீன் எதுவுமே விழுவதில்லை என்று அவர்களே வந்து சொன்னார்கள். இலாகாக் கூட்டத்தில் யுகேந்திரன் எல்லோர் முன்னாலும் எழுந்து, "மேடம் சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார். பழைய அறிக்கைகளைத் திருப்பிப் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. என் மதிப்பீட்டு முறையை மாநிலம் முழுக்கப் பின்பற்றுவது என்று முடிவானது.

காளியப்பனின் குளங்களை வற்ற வைத்துச் சுண்ணாம்பு கொட்டினார்கள். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மீன் போயிருக்கிறது என்றால் கரையில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அது தன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அந்த ஓட்டையைத் தேட ஆரம்பித்தார். கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார், சோறு தண்ணி இல்லாமல் மண்ணைக் குத்திப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"என் கண்ணுக்குத் தெரியல, டாக்டர். பாயாவ நாசம் பண்ணிட்டேனேன்னு மனசு கெடந்து அடிச்சிக்குது. எங்கன்னு நீங்க காட்டுங்க. தெரிஞ்சிட்டா நான் தூங்கிருவேன்."

இரக்கம் இல்லாதவள் என்று என்னைச் சொல்ல முடியாது. அவரை அப்படித் திண்டாட விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அவரோடு கரையைச் சுற்றி நடந்தேன். வடிகுழாய் கரைக்குள் நுழைகிற இடத்தில் நின்று, விரல் நீட்டி, இங்கே பாருங்கள், அடியில் இருக்கலாம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் அந்த இடத்தை அடியோடு தோண்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்கத்தான் சொன்னேன். மழை பெய்து ஊறிய மண். குழாய்க்கு அடியில் ஆள் உயரத்துக்குக் குடைந்து உள்ளே இறங்கியிருக்கிறார், மேலே கரை அப்படியே அமர்ந்துவிட்டது. மண்ணை அள்ளி வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. கஸ்தூரி கையாலேயே தோண்டியதாகச் சொன்னார்கள். அங்கே ஓட்டை எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது.

காரியத்தன்று கஸ்தூரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கிக் குடுத்த மீன ஆக்கினீங்களா? நல்லாருந்துச்சான்னு டாக்டர் ஒண்ணுமே சொல்லலியேன்னு அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அந்த நேரத்தில் உண்மை யாருக்கு உதவும்? பாவம், அவர் அதை ஆறுதலாக யுகேந்திரனிடம் சொல்லியிருக்கிறார். உயிருள்ள மீன் என்றதும் யுகேந்திரனுக்குப் பொறி தட்டி என் வீட்டுக்கு வந்தார். என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது. "அந்த மீனா? அக்கா ஆக்கவே இல்ல, ஒரு சனிக்கிழம பூட்ஸ் போட்டுக்கிட்டு கார்ல கொண்டுட்டுப் போனாங்களே" என்று சொல்லிவிட்டாள்.

மீன்களை விட்டது நான்தான். காளியப்பனை அந்த இடத்தில் நிறுத்தியதும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் அதற்கும் போடுவேன். என் மதிப்பீடு தவறு என்று ஒரு வரி சேர்த்தால் மட்டும் பேனாவைத் தொட மாட்டேன்.

யுகேந்திரன் நேற்று வந்திருந்தார். உட்காரவில்லை. இந்த வருட வெள்ளம் அந்தப் பக்கம் யாரும் கண்டிராத வெள்ளமாம். குளம் காலி, கவனிக்க ஆளில்லை, ஆனாலும் காளியப்பன் கட்டிய கரை கல்லுக்குண்டாட்டம் நின்றதாம். "உங்க கணிப்பு தப்பு மேடம். அந்தக் கரை என்னிக்குமே உடைஞ்சிருக்காது" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எங்கேயுமே உடையவில்லையா என்று கேட்டேன். தயங்கித்தான் சொன்னார். ஓரிடத்தில் உடைந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர். வடிகுழாய்ப் பக்கம், அவரை வெளியே எடுத்த பள்ளத்தை மண் போட்டு மூடியிருந்தார்களே, அங்கே. நான் விரல் நீட்டிக் காட்டிய அதே இடத்தில்.