மூணாம் நம்பர் மேஜை

— திரும்ப முதல்லேருந்து. நான்தான் எடிட்டர். வா, உக்காரு.

— எடிட்டர் இப்படிக் கட்டில்ல கால நீட்டிக்கிட்டா இருப்பாரு?

— சரி, மடக்கிட்டேன். வணக்கம் சிஸ்டர். ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம்தான். என்ன எழுதியிருக்கீங்க?

— எங்கம்மா பக்கவாதத்துல எட்டு மாசம் படுத்த படுக்கையா கெடந்தாங்க சார். அந்த எட்டு மாசமும் எனக்கு ஜெபமே வரல. அதத்தான் எழுதியிருக்கேன்.

— எடுத்த எடுப்புலயே ஜெபம் வரலைங்கணுமா? கிறிஸ்தவ எழுத்தாளர் மாநாடும்மா இது. வண்டி கொஞ்சம் ஓடட்டும், அப்புறம் கியர மாத்து.

— புஸ்தகமே அதுதாங்க.

— சரி விடு. அடுத்து இதக் கேப்பாரு. இதுக்கு முன்னாடி உங்க எழுத்து எதுவும் வெளியாயிருக்கா?

— ஒண்ணும் இல்ல சார்.

— பாத்தியா, தரையப் பாத்துக்கிட்டுச் சொல்ற. அவருக்குச் சந்தேகம் வரும்.

— பதினோரு புஸ்தகம் எழுதிட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்றவ எந்தப் பக்கம் பாக்கணும்?

— மெல்லப் பேசு. பாஸ்டர் ஐயா ரூம் அடுத்தாப்லதான்.

— ஐயா கீழ ஹால்ல பேசிட்டிருக்காரு. மைக் சத்தம் கேக்கலையா?

— கேளு, நீ சபை ஆபீஸ்ல டைப்பிஸ்ட். ஐயா சொல்லச் சொல்ல நீ அடிக்கிற. எல்லாருக்கும் அதுதான் தெரியும்.

— ஐயா எங்க சொன்னாரு? ‘சந்தோஷம், ரெண்டு பக்கம்’னு தலைப்பச் சொல்லிட்டு வண்டியில ஏறிடுவாரு. நீங்கதானே கதவத் திறந்து விடுவீங்க. அம்மாவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு, ஆஸ்பத்திரி ஜன்னல் திட்டுல வச்சு நான் எழுதினதுங்க அந்தச் சந்தோஷம்.

— அதப் படிச்சிட்டு எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா?

— தெரியாம என்ன? அவங்க ஐயாவுக்குப் போட்ட கடுதாசிக்கெல்லாம் பதில் எழுதினதும் நான்தானே.

— சரி, இப்ப எதுக்குப் பயப்படுற?

— இந்த எடிட்டர்தான் ஐயா புஸ்தகம் பதினொண்ணையும் திருத்தினவரு. என் அஞ்சு பக்கத்தக் கையில எடுத்தா ரெண்டாவது வரியிலயே நிமிந்து பாப்பாரு. ஐயா புஸ்தகம் பூரா ஊசியில நூல் கோக்குறது, திறக்க வராத டப்பா மூடி, பால் பொங்குறது... ஒரு ஆம்பளைக்கு அடுக்களை எப்படி இவ்வளவு தெரியும்னு எல்லாரும் அதிசயப்படுறாங்க.

— அவர் வீட்டு அடுக்களை எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது.

— என்னோடதும் குழாய் சொட்டுறதுலதான் ஆரம்பிக்குது. ‘ஐயாவப் பாத்து எழுதாதீங்க சிஸ்டர், சொந்தமா எழுதுங்க’ம்பாரு. நான் என்னன்னு பதில் சொல்ல?

— அவர் எழுத்த அடிச்சு அடிச்சு ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு.

— அத உங்க வாயால சொல்றீங்க.

— வேற என்ன சொல்லச் சொல்ற? உண்மையச் சொன்னா மறுநாளே குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். நான் ஓட்டுற வண்டி அவரோடது, நாம படுக்குற வீடு சபையோடது. கொஞ்சம் மாத்தி எழுதிடேன், யாருக்கும் அடையாளம் தெரியாத மாதிரி.

— மூணு தடவை மாத்திப் பாத்தேன். அம்மாவே அதுல இல்லாமப் போயிட்டாங்க.

— அப்பப் போக வேணாம். தலைவலின்னு சொல்லிப் படுத்துக்க.

— நேத்து வரைக்கும் போ போன்னு நின்னது நீங்கதான். என்னாச்சு? ஃபேன் ஓடுது, உங்களுக்கு இப்படி வேர்க்குது.

— கேளு. கோவப்படாதே. நேத்து ஐயாவ மட்டும் வண்டியில கூட்டிட்டு வர்றப்ப, கண்ணாடியில என்னைப் பாத்தாரு. ‘உன் வீட்டம்மா பேரு தனிச் சந்திப்பு லிஸ்ட்ல இருக்கே, எதுக்கு’ன்னாரு.

— நீங்க?

— எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— எல்லாத்தையும்னா?

— நீ புஸ்தகம் எழுதியிருக்கறது, உன் பேர்லயே போடணும்னு நெனைக்கிறது, எல்லாந்தான். இத்தனை வருஷமா அவர் கேட்டா சொல்லியே பழகிட்டேன்ம்மா. வாயில தானா வந்துடுச்சு.

— அவர் என்ன சொன்னாரு?

— ஸ்தோத்திரம்னாரு. அப்புறம், மாநாடு அவர் நடத்துறதுதானே, எடிட்டருக்கு வேற வேலை குடுத்துட்டு மூணாம் நம்பர் மேஜையில தானே உக்காந்துக்கறதா சொன்னாரு.

— அது என் மேஜை.

— ஆமா. எடிட்டர் எப்படிக் கேப்பாருன்னு எனக்கென்ன தெரியும்? காலையிலேருந்து ஐயா கேக்கற மாதிரிதான் உன்னக் கேட்டுட்டிருக்கேன். திட்டணும்னா திட்டிடும்மா.

— அந்தப் பக்கத்தையெல்லாம் அடுக்கிக் குடுங்க.

— போகவா போற? அங்க அவர்தான் இருப்பாரும்மா.

— இருக்கட்டும். பதினோரு புஸ்தகத்துல ஒரு பக்கத்தக்கூட அவர் படிச்சுப் பாத்ததில்லீங்க. இன்னிக்கு அத்தனை பேர் முன்னால அவரால எந்திரிச்சுப் போக முடியாது, பதினஞ்சு நிமிஷம் எனக்கு எதிர்ல உக்காந்து படிச்சுத்தான் ஆகணும்.